சாக்லேட் முறுக்கும் ஓர் எவர்சில்வர் தட்டும்



மார்கழி பிறந்துவிட்டால் நம் மயிலாடுதுறைப் பக்கத்து வயல்கள் எவ்வாறு இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும். அறுவடைக்கோ தை பிறக்க வேண்டும். நடவும் களையெடுப்பும் முடிந்து, மழையும் ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் அந்நாள்களில் கூலி வேலைக்குச் செல்வோர் கையில் காசு புழங்குவதில்லை. பொங்கல் புதுநெல்லோடு வருகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவோ நெல் வீட்டுக்கு வருமுன்னரே வந்துவிடுகிறது. ஆகவே எண்ணெய்ச் சட்டி வைத்து அதிரசமும் அச்சு முறுக்கும் சுடுவது சில வீடுகளுக்கு மகிழ்ச்சி. சில வீடுகளுக்குக் கடன். இதனை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். எவ்வாறு உணர்ந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

குருப்பட்டம் பெற்ற புதிதில், இதே காவிரிப் படுகையில் வேறொரு பங்கில் உதவிக் குருவாய் இருந்தோம். பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் வெள்ளைத் துணி மூடிய பலகாரத் தட்டுகள் பங்கு இல்லத்துக்கு வரத் தொடங்கின. வாய்க்காலுக்கு அப்பாலிருந்த குடியிருப்பிலிருந்து வயல் வேலை செய்யும் மூதாட்டி ஒருவரும் ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டு வந்தார். அதில் பத்துப் பன்னிரண்டு முறுக்குகள் இருந்தன. பாதி உடைந்திருந்தன, எண்ணெய் வாடையும் சற்று இருந்தது. புன்னகையோடு வாங்கிக்கொண்டோம். உண்டதோ மற்றத் தட்டுகளிலிருந்து. மாலையில் சமையற்காரரிடம், "அதை யாருக்காவது போட்டுவிடும்" என்று சொல்லிவிட்டோம்.

மறுநாட் காலை தட்டை வாங்க அந்த அம்மாள் வந்தபோது, கொல்லைப்புறத்தில் கோழிகள் அவருடைய முறுக்கைக் கொத்திக் கொண்டிருந்தன. அவர் பார்த்தார். "தட்டைக் கொடுங்க சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பலகாரம் வந்த தட்டை வெறுமையாய்த் திருப்பலாகாது, ஒரு பிடி சர்க்கரையாவது இட்டுத் தர வேண்டும் என்று நம்மை வளர்த்த தாய் கற்பித்திருந்தார். அதையும் மறந்து வெறுந்தட்டை நீட்டினோம். அடுத்த ஆண்டு அந்தத் தட்டு வரவில்லை. எண்ணெய் வாடைதான் காரணம் என்று பல ஆண்டுகள் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அது முழு உண்மையன்று. அந்தத் தட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

இந்நினைவு அகலாதிருந்தமையால், கடந்த ஆண்டுத் திருவருகைக் காலத்தில் நம் மறைக்கல்விச் சிறுவர் சிறுமியருக்கு ஒரு பலகாரம் கற்பிக்க விரும்பினோம். எண்ணெய்ச் சட்டி வேண்டாததாய், செலவு குறைந்ததாய், எந்த வீட்டிலும் ஒன்றுபோலவே அமைவதாய் அது இருக்க வேண்டும். அப்போது குருமடத்தில் ஆசிரியர் ஒருவர் சொன்ன 'பிரெட்சல்' நினைவுக்கு வந்தது. அது ஜெர்மானியரின் முறுக்கு. கோதுமை மாவைக் கயிறுபோல் திரித்து, முடிச்சிட்டு, மேலே உப்புத் தூவிச் சுடுவார்கள். முன்னாளில் தவக்காலத்தில் முட்டையும் பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்ததால், இவையின்றிச் செய்யக்கூடிய அது தவக்கால உணவாயிற்று. கை எனப் பொருள்படும் 'பிராக்கியம்' என்ற இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு மூலம். மார்பின்மேல் குறுக்காகக் கைகளை வைத்துச் செபிப்பவரின் உருவமே அது என்பது மரபுவழிச் செய்தி. 1440-ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்தில் கிளீவ்ஸ் கத்தரீன் என்னும் பிரபுகுல மாதுக்காக வரையப்பட்ட செபநூலில், புனித பர்த்தலமேயு படத்தைச் சுற்றிலும் பிரெட்சல்களையே ஓரச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். இந்தியாவுக்கு வந்து நற்செய்தி அறிவித்ததாக யுசேபியுஸ் எழுதி வைத்த திருத்தூதர் அவரே!

இக்காலத்தில் மேனாட்டார் சிறு பிரெட்சல்களைச் சாக்லேட்டில் தோய்த்து விழாக்காலத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்கு மாவைத் திரிக்கக் கற்றுத்தர எவரும் வேண்டியதில்லை. 'முறுக்கு' என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது! மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. கொக்கோவும் இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராய் விளைகிறது.

செய்முறை இதுதான். கடையில் விற்கும் சிறிய முறுக்கு இருபத்தைந்து, தாவரக் கொழுப்புச் சேர்ந்த சமையல் சாக்லேட் 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி. பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். ஈரமில்லாத கிண்ணத்தில் சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அதன்மேல் வைத்துக் கிளறுங்கள். ஒரு சொட்டு நீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாய் இறுகிவிடும், எச்சரிக்கை. உருகியதும் முறுக்கின் ஒரு பாதியைத் தோய்த்தெடுத்து, ஈரம் துடைத்த வாழையிலையில் பரப்பி, மேலே கடலையைப் பதியுங்கள். சற்று நேரத்தில் இறுகிவிடும். சாக்லேட்டுக்கு உடற்சூடே உருகப் போதும். ஆதலால் சித்திரை வெயிலில் இதைச் செய்ய முயலாதீர்கள். மார்கழிக் குளிர்தான் ஏற்றது. மழைக்காற்றில் முறுக்கு நமத்துப் போகும்; இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

பங்கு இல்லத் தாழ்வாரத்தில் நாற்பது பிள்ளைகள் முகமெல்லாம் சாக்லேட்டாக இதைச் செய்து முடித்தார்கள். எல்லாரும் தத்தம் பங்கைப் பொட்டலமாய்க் கட்டிக்கொண்டபின், வயலோரக் குடியிருப்பிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி நம்மருகே தயங்கி நின்றாள்.

"சாமி, இத நாங்களும் மத்தவங்க வீட்டுக்குக் கொடுக்கலாமா?"

"கொடுப்பதற்குத்தானே அம்மா செய்தோம்" என்றோம்.

"வாங்கிக்குவாங்களா?"

அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. கோழிகள் நினைவுக்கு வந்தன. "முதலில் இங்கே கொண்டு வா" என்றோம்.

பெருவிழா அன்று அவள் தன் தாயோடு வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. ஆலய முற்றத்தில், வந்திருந்த குடும்பங்கள் பார்க்க, அதிலிருந்து ஒன்றை எடுத்து அங்கேயே உண்டோம். உப்பும் இனிப்புமாய் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற குடும்பத் தலைவர் ஒருவர் சற்றுத் தயங்கினார். பின்னர் அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார். அவர் மனைவி தம் பிள்ளைகளுக்கும் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் எடுத்தார்கள் என்று சொல்லமாட்டோம்.

தட்டில் அதிரசமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வெறுமையாய்ப் போன அந்தத் தட்டை இனி நிரப்ப இயலாது. அந்த அம்மாள் இன்று உயிரோடில்லை. ஆனால் இவ்வாண்டும் உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சிறுமி தட்டோடு வரக்கூடும். துணியை அவள் முன்னிலையிலேயே விலக்கி, ஒன்றை எடுத்து உண்ணுங்கள். பிறகு அவள் தட்டை நிரப்பி அனுப்புங்கள்.