பட்டா இல்லாத கொல்லை

பொங்கலுக்கு முந்தைய வாரம். வடசிலாங்கூரின் செகிஞ்சானில் அறுவடை முடிந்த வயல்களுக்குத் தண்ணீர் கட்டி, டிராக்டர் விட்டுச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் வரிசை கட்டி நடந்தன. அவற்றுக்கு மேலே மீசை ஆலாக்கள் தாழப் பறந்து, கலங்கிய நீரிலிருந்து எதையோ கொத்திக்கொண்டு மேலெழும்பின. உழாத பக்கத்து வயலில் பவளக்கால் உள்ளான்கள் நீண்ட சிவந்த கால்களுடன் நின்றன. வரப்பில் மஞ்சள் வாலாட்டி ஒன்று எனக்குச் சற்று முன்னால் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

இந்த வாலாட்டியும், சேற்றோரம் மேய்ந்த பொரி உள்ளான்களும், பொன் உப்புக்கொத்திகளும் இந்த ஊரில் குஞ்சு பொரிப்பவை அல்ல. சைபீரியாவிலும் அதையொட்டிய வடநிலங்களிலும் கோடையைக் கழித்துவிட்டு, அங்கே நிலம் உறைந்து இரை மறையுமுன் கிளம்பி வந்தவை. செப்டம்பர் வாக்கில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். குளிர்காலமே இல்லாத நம் நாட்டுக்கு இவைதான் குளிர்காலத்தைக் கொண்டுவருகின்றன. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வந்து, பச்சை வயலின் முன் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், இந்தச் சேற்று மாதத்தில் வந்து கொஞ்ச நேரம் வரப்பில் நிற்க வேண்டும். அழகு இப்போதுதான் அதிகம்.

வயல் நடுவே கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி. கூகைக்கான கூடு. வடசிலாங்கூர் வயல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்குப் பெட்டி வைத்துக்கொடுப்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. கூகை அலறினால் ஆகாது என்று சொல்லி வளர்த்த சமூகத்தில் வந்தவன் நான். அந்தப் பறவைக்கு ஒருவர் வீடு கட்டிக்கொடுத்து வயலைக் காவல் காக்கச் சொல்லியிருப்பதைப் பார்க்க மனம் நிறைந்தது. வயலின் சொந்தக்காரர் சீனப் பெரியவர். மலாயில்தான் பேசிக்கொண்டோம். பெட்டியை வைத்தது யார் என்று கேட்டேன். “என் நிலம், நான்தான் வைத்தேன்” என்றார். அந்த ‘என் நிலம்’ அன்று முழுவதும் காதில் இருந்தது.

இங்கே நிலம் பெரும்பாலும் மூன்று ஏக்கர் துண்டுகளாகத்தான் பிரிக்கப்பட்டது. தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் 1930களில் தொடங்கியது. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, அங்கிருந்து கடலோரமாக நெடுக வாய்க்காலில் இறக்கினார்கள். கிழக்கே இருக்கும் சதுப்புக்காடு மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. அந்தக் காடு வறண்டால் இந்த வயலும் வறளும். மலாய்க்காரர், ஜாவானியர், பஞ்சார் இனத்தவர், சீனர் எனப் பல குடிகள் இந்தத் துண்டு நிலங்களில் வேர்விட்டன. இன்று ஆண்டுக்கு இரண்டு போகம். நாட்டிலேயே நல்ல விளைச்சல் தரும் வயல்கள் என்ற பெயரும் செகிஞ்சானுக்கு உண்டு.

வயலிலிருந்து கடற்பக்கம் போனால் பாகான். படகுத்துறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நீல நைலான் வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த கண்ணிகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வலையூசி போய் வரும் வேகத்தில் விரல் எது, ஊசி எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு. அளவுகோல் எதுவும் இல்லை, விரல்தான் அளவு.

வலைப் பின்னலைப் பார்த்தபோது, எப்போதோ படித்து மனதில் தங்கிப்போன ஒரு தீவு நினைவுக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஃபேர் ஐல். சில பத்துப் பேர் மட்டும் வாழும் இடம். ஒரு வரிசைக்கு இரண்டு நிறக் கம்பளி நூல் வைத்து அவர்கள் பின்னும் சட்டையை 1920களில் வேல்ஸ் இளவரசர் அணிந்ததும், அந்தப் பின்னல் உலகெங்கும் பரவியது. 1948இல் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் அங்கே பறவை ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். பாகானுக்கு வடக்கிலும் தெற்கிலும் விரியும் சேற்றுக்கரையில் குளிர்காலத்தில் மேயும் கல்திருப்பி உள்ளான், ஷெட்லாந்துப் பாறைக் கரைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அங்கே போவது கிரீன்லாந்து, கனடாப் பக்கத்துப் பறவை. இங்கே வருவது சைபீரியப் பறவை. இனம் ஒன்றுதான்.

அந்தத் தீவு மக்கள் நிலைத்து நின்றதற்குப் பின்னலும் மீனும் மட்டும் காரணமல்ல. ஆளுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது: உருளைக்கிழங்கு போட, ஆடு மேய்க்க. அந்த நிலத்தை விட்டுத் துரத்த முடியாது என்ற சட்டமும் பின்னால் வந்தது. வடஸ்காட்லாந்தின் சிறு குத்தகை விவசாயிகளைப் பண்ணையார்கள் விரட்டிய கதை நீண்டது. 1883இல் அதை விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையத்தின் தலைவர் பிரான்சிஸ் நேப்பியர் பிரபு. சென்னையில் கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலம் இவர் பெயரில் உள்ளதுதான். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். ஆணையத்தினர் ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் வாய்மொழியைப் பதிந்தார்கள். 1886இல் சட்டம் வந்தது. வாடகை கட்டும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. பிள்ளைக்கு அந்த உரிமை போகும். நியாயமான வாடகையை அரசு அமைப்பு முடிவு செய்யும். விட்டுப்போனால், செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு உண்டு. நிலம் பண்ணையாருடையதாகவே இருந்தது. ஆனாலும் அச்சமில்லாமல் ஒரு மரம் நட முடிந்தது.

நேப்பியர் ஆண்ட அதே மாகாணத்திலிருந்துதான் நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். கரும்பு, காப்பி, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தில், 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்ட தென்னமரம் தோட்டம்தான். அந்தத் தொழிலை முதுகில் சுமந்தவர்களின் லைன் வீட்டுக் கொல்லையைப் பற்றி ஊர் ஊராகப் போய்க் கேட்க எந்த நேப்பியரும் வரவில்லை.

மாலையில் புக்கிட் ரோத்தான் பக்கமாக ஒரு தோட்டத்துக்குள் போனேன். லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டு அஞ்சடியில் வயதான அம்மா ஒருவர் சின்னக் கத்தியால் தென்னோலையைச் சீவி ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தார். கத்தியை ஒரே இழுப்பு. பச்சை ஒரு பக்கம், ஈர்க்கு ஒரு பக்கம். அதை வெயிலில் காயவைத்து, அடிப்பக்கம் தட்டிச் சமமாக்கி, ரப்பர் டியூப் வெட்டிய நாடாவால் இறுக்கினால் விளக்குமாறு. மடியில் இருந்த இன்னொரு கட்டு ஓலை தோரணத்துக்காம். பொங்கலுக்குக் கோயிலில் கட்ட, கிளியும் பூவுமாக மடித்துக்கொண்டிருந்தார். பாகானில் பார்த்த வேகம் அந்த விரல்களிலும் இருந்தது.

“யார் கத்துக்குடுத்தா, அம்மா?”

“யாரு கத்துக்குடுக்குறது, தம்பி? அம்மா செய்யும், நான் பார்ப்பேன். இந்தக் கையிலதான் பால் வெட்டுனேன், அப்புறம் செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்குனேன். ஓலை மட்டும் விடல.”

வீட்டின் பின்னால் கொல்லை. மரவள்ளி, முருங்கை, வாழை, கறிவேப்பிலை, கம்பியில் ஏறிய பாகல், பழைய பெயிண்ட் வாளியில் துளசி. முன்பு இரண்டு மாடுகளும் இருந்ததாம். நிர்வாகம் கூடாதென்றதும் விற்றுவிட்டார்கள். முருங்கையைக் காட்டி, கணவர் நட்டது என்றார். தோட்டம் கைமாறப்போகிறது என்று பேச்சு. மாற்றுவீடாக அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைக்கலாம் என்கிறார்கள்.

நிலம் கையை விட்டுப் போகும் அபாயத்தை நம்மவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கின. அதைத் தடுக்க 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்கித் தோட்டங்களை வாங்கினார். பெரிய காரியம் அது; அதன் மேல் எனக்குள்ள மரியாதை குறைந்ததில்லை. ஆனால் பங்குச் சான்றிதழ் வேறு, கொல்லை வேறு. பங்கு வைத்திருந்தவர்கள் சிலர். இந்த அம்மாவைப் போல, முருங்கை நட்ட இரண்டு சென்ட் மண்ணின் மேல் ஒரு காகிதமும் இல்லாதவர்கள் பலர். தோட்டம் கைமாறும்போது வீடு கணக்கில் வருகிறது. கொல்லை கணக்கில் வருவதே இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டம் 1886இலேயே மேம்பாட்டுக்கு இழப்பீடு என்று எழுதிவைத்தது. இங்கே அரை நூற்றாண்டு வளர்ந்த ஒரு கொல்லைக்கு அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

அடுக்குமாடியில் ஈர்க்கு சீவ இடம் இருக்குமா, ஓலைக்கு எங்கே போவது என்று கேட்டேன். அதை யோசித்துவிட்டதாகச் சொன்னார். மருமகன் தஞ்சோங் காராங்கில் வாடகை வீட்டில் இருக்கிறாராம். பக்கத்தில் ஒரு மலாய்க்காரக் குடும்பம் வயலோரத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் காய் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறதாம். எழுத்தில் தருவார்களா என்றேன்.

“எழுத்தெல்லாம் கேக்க முடியுமா, தம்பி? மொதல்ல வாழை வெப்போம். வாழைன்னா ஒரு வருஷத்துல காசு. முருங்கை, தென்னை எல்லாம் நட மாட்டேன். அது நம்ம மண்ணா இருந்தாத்தான் நடணும்.”