1.75 வேறு, 1¾ வேறு



சைக்கிள் டயரைப் பற்றி ஒரு நீளமான பதிவு. சைக்கிள் இல்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். ஆனால் 2022க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் ஒரு மவுன்டன் பைக் சாத்திக் கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த வருசம் ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கும். பலர் அப்போதுதான் சைக்கிளுக்கு மாறினார்கள், நானும் ஒருவன். வீடு கொட்டாஞ்சேனை, பாடசாலை வெள்ளவத்தை. போக வர நாளுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். கியூஆர் வந்து, ஷெட் வரிசையும் போய்விட்டது. வீட்டுச் செலவைப் பார்த்துவிட்டு நான் சைக்கிளிலேயே இருந்துவிட்டேன்.

என் வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. கெட்டிக்காரன்தான், ஆனால் வரவு இடாப்பைப் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு நாளாவது இல்லை. கூப்பிட்டுக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். பிறகு அவனுடைய வாப்பாவைச் சந்தித்தபோதுதான் விசயம் விளங்கியது. அவர் வெள்ளவத்தையில் தையல் வேலை செய்கிறார். கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய மவுன்டன் பைக் ஒன்றில் மகனைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வருவார். டயர் போன நாளில் இரண்டு பேருக்கும் பயணம் இல்லை. மகனுக்குப் பாடம் போகும், அவருக்கு அன்றைய கூலி போகும். ஒருமுறை பின் டயர் காலி வீதியில், பின்னால் பஸ் வரும்போது வெடித்திருக்கிறது. அல்லாஹ் காப்பாற்றினான்.

"தடிப்பான டயர்தான் சேர் போட்டேன். பெரிய கட்டி உள்ளது நிறைய நாள் வரும் என்று கடையில சொன்னாங்க."

இதைத்தான் எல்லோரும் நம்புகிறோம். மவுன்டன் பைக் டயரில் உள்ள அந்தக் கட்டிகள் மண்ணுக்கும் சேற்றுக்கும் செய்யப்பட்டவை. மண்ணில் அவை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தார் வீதியில் இறங்க இடமில்லை, ஆகவே முழுப் பாரமும் சில கட்டிகளின் நுனியில் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவை மடங்கி, உரசி, தேய்கின்றன. மிதிக்கும்போது "ஊ..." என்று ஒரு சத்தம் வரும் அல்லவா, அது உங்கள் காலின் சக்தியும் டயரின் ஆயுளும் வீணாகிற சத்தம். தார் வீதிக்கு நடுவில் தொடர்ச்சியான பட்டையாக இறப்பர் உள்ள டயர்தான் வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் கட்டி இருந்தால் பரவாயில்லை. நடுவில் இருக்கக்கூடாது.

மழையில் வழுக்காதா என்று கேட்பார்கள். கார் டயர் அகலம், வேகமும் கூட. தண்ணீரின் மேல் மிதந்துவிடும், அதனால்தான் அதற்குக் கோடுகள் வெட்டுகிறார்கள். சைக்கிள் டயர் ஒடுக்கம், வேகமும் குறைவு. தண்ணீரைத் தானே பிரித்துக்கொண்டு தாரைத் தொடும். மழையில் வழுக்கி விழ வைப்பது மஞ்சள் கடவைக் கோடும், இரும்பு மூடியும், தண்டவாளமும். அதற்கு எந்த டயரும் மருந்தில்லை, மெதுவாகப் போவதுதான்.

ஒரு சனிக்கிழமை நானாவையும் கூட்டிக்கொண்டு டாம் வீதிக்குப் போனேன். சைக்கிள் கடைகள் அங்கே வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். மகனும் வந்திருந்தான். "26 சைஸ்" என்று கேட்டால் கடைக்காரர் மூன்று விதமான டயரை எடுத்துப் போடலாம், அவற்றில் இரண்டு ரிம்மில் ஏறாது. இங்கேதான் என் கணக்குப் பாடம் தோற்றது. வகுப்பில் 1.75ம் 1¾ம் ஒரே எண். டயரில் இல்லை! 26×1.75 என்று தசமத்தில் எழுதியது மவுன்டன் பைக்குக்கு உரியது, 26×1¾ என்று பின்னத்தில் எழுதியது வேறொரு ரிம்முக்கு. ஜப்பான் பழைய சைக்கிள்களில் வரும் 26×1⅜ இன்னுமொன்று. மூன்றுக்கும் பெயர் 26தான்.

ஏமாறாமல் இருக்க டயரின் பக்கத்தில் சின்னதாக அச்சிட்ட இலக்கத்தைப் பாருங்கள். 47-559 என்று இருந்தால் அகலம் 47 மில்லிமீற்றர், ரிம்மில் உட்காரும் விட்டம் 559 மில்லிமீற்றர். 26 மவுன்டன் பைக்குக்கு 559. 26×1⅜க்கு 590. புதிய 27.5க்கு 584, 29க்கு 622. பழைய டயரில் உள்ள கடைசி மூன்று இலக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும், கடைக்காரரோடு வாதாடத் தேவையில்லை. பையன் கடையில் தொங்கிய எல்லா டயரையும் வாசித்துவிட்டு, "சேர், அப்ப பின்னம் பிழையா?" என்று கேட்டான். பின்னம் சரி, டயர்காரர்கள்தான் பிழை என்றேன்.

அகலம் 1.75 அல்லது 1.95 எடுங்கள். அதைவிட ஒடுக்கமானது எங்கள் குழிகளில் முதுகைப் பதம் பார்க்கும். டீஎஸ்ஐ மாதிரி உள்ளூர் டயரில் இரும்புக் கம்பி வைத்ததே போதும். மடிக்கக்கூடிய விலை கூடிய டயர் பாரம் குறைவு, அவ்வளவுதான். அதனால் கூட நாள் வரும் என்றில்லை. பக்கச்சுவரும் கறுப்பாக இருக்கட்டும். இறப்பர் பால் வெள்ளை, டயர் கறுப்பாவது அதில் சேர்க்கும் கரியால். தேய்மானத்தையும் வெயிலையும் தாங்க வைப்பது அந்தக் கரிதான். பக்கம் மண்நிறமாக உள்ள டயர் படத்துக்கு அழகு, ஆனால் வெயிலில் அதுதான் முதலில் வெடிக்கும். கடை வாசலில் மாதக்கணக்காக வெயிலில் தொங்கியதை வாங்காதீர்கள். பக்கத்தை மடித்துப் பாருங்கள், மெல்லிய கீறல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர் கன்று நட்ட நாட்டுக்காரர்கள் நாங்கள், இவ்வளவாவது பார்த்து வாங்கலாம்.

மலிவு எது என்பதற்கு ஒரு கணக்கு. உதாரணத்துக்குத்தான், கடை விலை இல்லை. 3000 ரூபா டயர் 2000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 1.50 ரூபா. 4500 ரூபா டயர் 6000 ஓடினால் 75 சதம். விலையைப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள்.

ஆனால் எந்த டயரையும் கொல்வது காத்துக் குறைவுதான். நானாவின் பழைய டயரைக் கழற்றியபோது டியூபில் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை. ஆணி குத்தினால் ஓர் ஓட்டைதான் வரும். இரண்டு என்றால் காத்தில்லாத டயர் குழியின் விளிம்பில் மோதி, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. பெருவிரலால் அமத்திப் பார்ப்பது போதாது, 30இலேயே கல்லு மாதிரித்தான் இருக்கும். பக்கச்சுவரில் ஆகக்கூடியது 65 என்று அச்சிட்டிருந்தால், தனியாகப் போக நான் பின்னுக்கு 50 அடிக்கிறேன். கேரியரில் பிள்ளை இருந்தால் 60. முன்னுக்குக் கொஞ்சம் குறைவு. டியூபில் ஓட்டை இல்லாவிட்டாலும் காத்து மெதுவாக இறங்கும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை.

பின் டயர்தான் சீக்கிரம் தேயும், பாரமும் மிதியும் அங்கேதான். அது தேய்ந்ததும் முன் டயரைப் பின்னுக்குப் போட்டு, புதியதை முன்னுக்குப் போடுங்கள். தேய்ந்ததை ஒருநாளும் முன்னுக்குக் கொண்டுவராதீர்கள். பின் டயர் போனால் நின்றுவிடலாம், முன் டயர் போனால் விழத்தான் வேண்டும். மரைன் டிரைவால் போகிறவர்கள் ரிம்மையும் துடைத்து வையுங்கள், உப்புக் காத்தில் கறள் பிடித்த ரிம் டயரின் ஓரத்தை அரித்துவிடும்.

நானா டயர் மாற்றி ஏழு மாதம். நடுப்பட்டை இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு பங்சர், கண்ணாடித் துண்டு. மகன் இந்தத் தவணை காய்ச்சலுக்கு மட்டும்தான் இரண்டு நாள் வரவில்லை.

என்னிடம் மீற்றர் வைத்த நின்று அடிக்கிற பம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் வீட்டில்தான் இருப்பேன், யாரும் வந்து அடித்துக்கொள்ளலாம், எந்தச் சமூகத்தவரும். இன்பொக்ஸில் ஒரு சொல் போட்டுவிட்டு வாருங்கள். போன மாதம் பம்மைக் கொண்டுபோனவர் இதை வாசித்தால், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து தாருங்கள்.