மறவாத விரல்கள்

முதுமை வந்தால் மறதியும் உடன்வரும் என்று கூறி அமைதியடைவது நம்மவர் வழக்கம். ஆயினும், சில முதியோரின் மறதி வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும்போது, இது நடிப்போ என்னும் ஐயமும் எழுந்துவிடுகின்றது.

மாத்தளைத் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் என் அப்பாயி. காலையில் உண்டதை நண்பகலில் மறந்து, "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று அயலாரிடம் முறையிடுவார். அவரே, சிறுவயதிற் கண்ட முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேரை நேற்று நிகழ்ந்ததுபோல் விவரிப்பார். தேயிலைச் செடியருகே நின்றால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவர் விரல்கள் பிழையின்றிக் கிள்ளும். "வேண்டியதை மட்டும் மறக்காத கிழவி" என்று உறவினர் சிலர் ஏசினர். வைத்தியர் சொன்ன பெயரோ அல்சைமர் நோய்.

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த இந்நோய், மூளை முழுவதையும் ஒருங்கே தாக்குவதன்று. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியும் அதன் அயலும் முன்னதாகவே நலிகின்றன. பழகிய கைவேலைக்குத் துணைநிற்கும் சிறுமூளை முதலிய பகுதிகளோ நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன.

நலிவு எவ்வாறு நேர்கின்றது? தொழிற்சாலை கொள்ளாத அளவு கொழுந்து குவிந்தால், ஓரிரு நாள் பறிப்பை நிறுத்துவது விவேகம். மாதக்கணக்கில் நிறுத்தினாலோ, லயங்களில் அடுப்பெரியாது. நரம்புக் கலங்களும் அத்தகையனவே. பிழையாக மடிந்த புரதங்கள் உள்ளே குவியும்போது, கலம் புதிய புரத உற்பத்தியைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்கின்றது. அத்தடை நீங்காது நீடித்தால், நரம்பிணைப்புகளுக்கு வேண்டிய புரதமும் கிடையாது போகின்றது. அல்சைமர் நோயால் இறந்தோரின் ஹிப்போகாம்பஸில் இந்நெருக்கடியின் அடையாளங்கள் காணப்பட்டுள்ளன.

2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜியோவன்னா மாலூச்சி குழுவினர், பிரியான் என்னும் வேறொரு மூளைநோயுற்ற சுண்டெலிகளுக்கு அத்தடையை விலக்கும் மருந்தைக் கொடுத்தனர். நரம்புக் கலங்கள் பிழைத்தன. ஆனால் சதையி பழுதுற்றது. மூளைக்கு நலம் செய்வது உடலின் வேறோர் உறுப்புக்குத் தீங்காதலும் உண்டு என்பதை அச்சோதனை உணர்த்திற்று.

ஆய்வாளர் தம் பணியைத் தொடரட்டும். நம் பணி எளியது. "நினைவில்லையா?" என்று முதியோரை வினவி வருத்தலாகாது, பதியாத ஒன்றை அவர்கள் எங்ஙனம் நினைவுகூர்வர்? கீரை ஆய்தலோ மிளகு பொறுக்குதலோ, கை அறிந்த வேலையைத் தந்து அருகிருப்போம். மீண்டும் சோறு கேட்டால், வழக்காடாது ஒரு பிடி கொடுப்போம்.