அந்தரத்தில் நிற்கும் உத்தரம்

இங்கிலாந்தின் ஈஸ்ட் சசெக்ஸில், கக்மியர் ஆற்றங்கரையில் இருக்கிறது ஆல்ஃப்ரிஸ்டன் கிராமம். அங்கே வருகிறவர்கள் முதலில் போவது ‘சவுத் டவுன்ஸின் பேராலயம்’ என்று பெயர் வாங்கிய தேவாலயத்துக்கு. நான் போனது அதை ஒட்டியுள்ள பாதிரியார் இல்லத்துக்காக. வைக்கோல் கூரை போட்ட, 14ஆம் நூற்றாண்டு வீடு.

உள்ளே நுழையவே மனமில்லாமல் வாசலில் வெகுநேரம் நின்றேன். இதை ‘வீல்டன்’ வகை வீடு என்பார்கள். நடுவில் முகடு வரை திறந்த கூடம். இரு பக்கமும் மச்சு வைத்த அறைகள். மச்சின் உத்தரங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி நீள்வதால் மேல்தளம் சற்றே முன்னால் வந்து நிற்கும். கூடத்துக்கு மச்சு கிடையாது. ஆகவே அதன் சுவர் மட்டும் உள்வாங்கியிருக்கும். ஆனால் வீடு முழுவதற்கும் கூரை ஒன்றுதான், இறவாணம் வளையாமல் ஓடியாக வேண்டும். அதனால் கூடத்தின் முன்னால் இறவாணத்தைத் தாங்கும் உத்தரம், கீழே சுவரே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. இரு ஓரத்திலிருந்தும் வளைந்தெழும் ஓக் மரச் சட்டங்கள் அதைத் தாங்குகின்றன. பார்க்க அலங்காரம் போலிருக்கும் அந்த வளைவு, பாரம் சுமப்பதற்காக வந்தது. இந்த வீட்டின் அழகெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

சுவர்கள் மரச்சட்டங்களுக்கு நடுவே வரிச்சு கட்டி மண் அப்பியவை. கூடத்தில் அந்நாளில் புகைபோக்கி கிடையாது. தரை நடுவே தீ எரியும். புகை மேலே எழுந்து கூரை வழியாகவே வெளியேறும். கூடத்தை முகடு வரை திறந்து விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தரையோ சுண்ணப் பாறையை இடித்துக் கெட்டித்து, புளித்த பால் ஊற்றி இறுக்கியது. நம் வீடுகளில் சாணம் மெழுகியதைப் போல, கைக்கெட்டிய பொருளைக் கொண்டே தரையைப் பண்படுத்தியிருக்கிறார்கள். கூடத்து மூலையில் ஒரு ஓக் இலைச் செதுக்கல் உண்டு. பாரம்பரிய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சின்னம் அதிலிருந்து பிறந்தது என்று சொல்வாருண்டு. அந்தப் பெருமை இல்லாவிட்டாலும், தேடிப் பார்க்க வேண்டிய இலை அது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வீடு சிதைந்து கிடந்தது. இடிக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. குடியிருந்த மூதாட்டி ஒருவர் தம் காலம் முடியும் வரை அங்கேயே இருக்க விரும்பியதால் இடிப்பு தள்ளிப்போனது. பிறகு ஊர்ப் பாதிரியார் வீட்டைக் காப்பாற்ற உதவி தேடி அலைந்தார். 1895இல் ஆக்டேவியா ஹில்லும் நண்பர்களும் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், 1896இல் இதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். கோட்டையும் மாளிகையும் நிறைந்த ஒரு நாட்டில், மண்ணும் வைக்கோலும் கொண்ட வீட்டிலிருந்து தொடங்கினார்களே, அதற்காக அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு. பத்துப் பவுண்டில் வீடுதான் கைக்கு வந்தது; பழுது பார்க்கும் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது.