எண்கள் இல்லாத நூல்

சாலைக் கடைத்தெருவை அடுத்த ஒரு சிறிய அச்சகத்தில், என் முதல் நூலின் மெய்ப்புத் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். அட்டைக்கென்று எலும்பும் தோலுமான ஒரு பெண்ணின் படத்தை எடுத்து வைத்திருந்தார் உரிமையாளர். “படம் இருந்தால்தான் சார், வாங்குகிறவர் கை நீட்டுவார்” என்றார். வேண்டாம் என்றேன். காரணத்தை விளக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

என் மகளுக்குப் பதினாறு வயதில் வந்த நோயைப் பற்றியது அந்நூல். உணவைக் கண்டு அஞ்சும் நோய். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-இல் இதற்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். அச்சொல்லைப் ‘பசியின்மை’ என்று நான் தமிழாக்கியபோது மகள் தடுத்தாள். “பசி இல்லை என்று யார் சொன்னார்கள் அப்பா? பசித்துக்கொண்டேதான் இருந்தேன்.” முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

நோயுற்ற நாட்களில் அவள் வார இதழ்களின் சமையற் குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டி வைப்பாள். உண்ணாதவளுக்கு இது என்ன வேடிக்கை என்று கடிந்திருக்கிறேன். பின்னர்தான் படித்தேன்: அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-இல் ஆன்சல் கீஸ் என்பவர், 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாத காலம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். உடலும் உள்ளமும் திடமாயிருந்த அந்த ஆடவர்களிலும் சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், ஓயாமல் உணவையே நினைத்தார்கள். பட்டினியே மனத்தைத் திரிக்கிறது. பிடிவாதம் என்று நான் ஏசியவற்றுள் பாதி இதுவே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நாற்பதாண்டு கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். கைப்பிரதியில் அவள் எடையை மாதவாரியாகப் பட்டியலிட்டிருந்தேன். அதைப் பார்வையிட்ட மனநல மருத்துவர், “இந்நோயுள்ள இன்னொரு பெண் படித்தால், இந்த எண்ணையே எட்டிப்பிடிக்க முயல்வாள்” என்றார். எல்லாவற்றையும் நீக்கினேன். எஞ்சியது எங்கள் சாப்பாட்டுக் கூடந்தான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறைப்படி, உணவின் பொறுப்பைச் சில காலம் பெற்றோரே ஏற்க வேண்டும். இரண்டு இட்டிலிக்கு முன்னால் நாங்கள் மூவரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த காலைகள் உண்டு. அதற்கென்று ஒரேயடியாக ஊட்டிவிடவும் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு சேர்ந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொன்ன அளவில், படிப்படியாக ஏற்றினோம்.

கரமனையில் ஒரு நவராத்திரிக் கொலுவுக்குப் போயிருந்தோம். வயதான மாமி ஒருவர் சுண்டலை நீட்டியபடி, “இப்பத்தான்டி கொஞ்சம் சதை போட்டிருக்கே!” என்று கன்னத்தைக் கிள்ளினார். மூன்று வாரம் தேறியது அன்றிரவே சரிந்தது. மாமியிடம் குற்றமில்லை. இளைத்தாயே, பூசினாயே என்றுதானே நாம் நலம் விசாரிக்கிறோம்? பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களில் இது இன்னும் சற்று அதிகம். அன்பை இலையில் பரிமாறித்தான் நமக்குப் பழக்கம்.

ஒரு பக்கத்தை மட்டும் நான் மறைக்க விரும்பினேன். அவள் தொடாத தட்டைச் சுவரில் வீசியெறிந்த நாளைப் பற்றியது அது. எழுதிவிட்டுப் பிறகு குறுக்குக் கோடிட்டு அடித்திருந்தேன். அச்சகத்தில் மெய்ப்பைப் புரட்டும்போது அப்பக்கம் முழுமையாக நின்றது. கைப்பிரதியைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் மகளின் கையெழுத்தில், “இது இருக்கட்டும் அப்பா” என்றிருந்தது.

முன்னூறு படிகள் அச்சிட்டோம். அட்டையில் படம் இல்லை.