பாடம் இங்கிலீஷ், பன் ஜெர்மன்!

ஹைடல்பெர்க் ஸ்டேஷனுக்கு அக்காவின் மூத்த மகன் வந்திருந்தான். இளைத்திருந்தான்.

நெக்கார் நதியின் பழைய பாலத்தில் நடந்தோம். 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஜெர்மனியிலேயே மிகப் பழையது. அங்கே ஃபிசிக்ஸ் எம்.எஸ்ஸி. படிக்கிறான்.

'ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது' என்று யாரோ சொல்ல, அக்கா நகையை அடகு வைத்துவிட்டாள். பி.காம். படித்த நானும் கணக்குப் பார்க்காமல் தலையாட்டினேன். பல மாநிலங்களில் கிடையாதுதான். ஆனால் இந்த பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய யூனியனைச் சேராத மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ!

"இங்கிலீஷ் கோர்ஸை எப்படிடா கண்டுபிடிச்சே?"

"டி.ஏ.ஏ.டி. வெப்சைட்ல பயிற்றுமொழி ஆங்கிலம்னு போட்டுத் தேடணும் மாமா. மாஸ்டர்ஸ்ல நிறைய வரும். பி.எஸ்ஸி. மாதிரி டிகிரின்னா பெரும்பாலும் ஜெர்மன்தான். சிலதுல 'ஆங்கிலம், ஜெர்மன்'னு ரெண்டும் போட்டிருக்கும். அதுல ஏமாந்தா பாதி பாடம் புரியாது!"

பேக்கரியில் நுழைந்தோம். கடைக்கார அம்மா ஏதோ கேட்டார். நான் விழித்தேன். இவன் சரளமாகப் பதில் சொன்னான்.

"முதல் ஆறு மாசம் நானும் இப்படித்தான் முழிச்சேன். பார்ட் டைம் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, 'ஜெர்மன் வருமா?' தெரிஞ்சிருந்தா அம்மா நகையில் பாதியாவது மீட்டிருக்கலாம்."

ஊர் திரும்பிய மறுநாளே அக்காவின் சின்ன மகனை ஜெர்மன் வகுப்புக்கு இழுத்துப் போனேன். முறைத்தான்.

"நான் சேரப்போறது இங்கிலீஷ் கோர்ஸ்தானே மாமா?"

"ஏன், அங்கே போய் சாப்பிட மாட்டியாடா?" என்றேன்.