எழுத்துப்பிழையோடு எழுதணும்

“அண்ணாச்சி, இனிமே இதுக்கு மனுவே வேண்டாம், ஃபாரம் வந்திருச்சு” என்றார் வங்கியில் ஒரு தம்பி. ஆலங்குளத்தில் இறந்தவர் கணக்குக்கு மனு எழுதியே தலை நரைத்தவனிடம்!

ஃபாரம் வந்தது உண்மைதான். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, எளிய முறையில் கொடுத்துவிட வேண்டும். 15 நாள் கெடு, தாண்டினால் வட்டி. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 15 நாள், காகிதமெல்லாம் சரியாகச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். சேர்ப்பது யார்?

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போனவருக்கு எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருந்து நான் பார்த்தது அபூர்வம். பாஸ்புக்கில் மாரியப்பன், ஆதாரில் மாரிப்பன், ரேஷன் கார்டில் மாரி. பெண்கள் என்றால் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் வீட்டுக்காரர் இனிஷியல். இறப்புச் சான்றில் சொன்னவர் வாயில் வந்தது. 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் போனார்களே, அந்த மாதிரி நேரத்தில் ஒற்றெழுத்தை யார் சரிபார்ப்பார்கள்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதலில் பேனாவையே தொடவிடவில்லை. வந்தவர் பையிலுள்ள காகிதத்தையெல்லாம் தரையில் பரப்பச் சொல்வார். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் என்று எது எதோடு ஒத்துப்போகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகுதான் மனு. அதிலும் வங்கிப் பதிவில் உள்ள பெயரை எழுத்துப்பிழையோடு அப்படியே முதலில் எழுதணும்; அதற்குப் பின்தான் ‘என்கிற’ போட்டு மற்றப் பெயர்கள். நம் புத்தியைக் காட்டிப் பிழையைத் திருத்தினால், “யாருடா இந்த மூணாவது ஆளு?” என்று தாளைக் கிழித்துவிடுவார். ‘இருவரும் ஒருவரே’ என்று விஏஓ எழுதித் தருவதும் இந்த வரிசையில் இருந்தால்தான் செல்லும்.

இன்றைக்கு பிரவுசிங் சென்டரில் இருப்பவர்கள் ஆதாரைப் பார்த்து அடித்துவிடுகிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு மனைவி, பிள்ளைகள் பெயரைப் போட்டுவிட்டு இறந்தவனின் தாயை விட்டுவிடுகிறார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு, தகப்பன்தான் கிடையாது. மருமகளோடு மனத்தாங்கலில் மகள் வீட்டில் இருக்கும் அந்தக் கிழவியிடம் ஆட்சேபணை இல்லை என்று கைநாட்டு வாங்க, எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. போய்த் திண்ணையில் உட்காரணும், சண்டை முழுவதையும் கேட்கணும். நாமினிக்கே பணம் சொந்தம் என்று நம்பிக்கொண்டு வருபவர்களுக்கும், அவர் வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான் என்று சொல்லிப் புரியவைக்கணும். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே இறந்தவரின் ஏடிஎம் கார்டைச் சொருகிப் பணத்தை எடுத்துவிட்டு வருகிற மகன்களைப் பற்றி என்ன சொல்ல.

அரைகுறையாய்ப் போன ஃபாரமெல்லாம் திரும்பி என்னிடம்தான் வருகிறது. ஏற்கெனவே பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்தாச்சாம். அதனால் நான் பாதிக் கூலிக்கு எழுதணுமாம்.